இரும்பு எங்கே, இழை எங்கே?
தீவுகளின் கான்கிரீட்டும் இயந்திரம் சுற்றும் வலுவூட்டலும்

(தெற்கு அந்தமானின் சிப்பிகாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "இரும்புக் கம்பியே வேண்டாம் என்று சொல்லப் போகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை. கண்ணாடி இழையும் கார்பன் இழையும் பிசினில் தோய்ந்து, இயந்திரத்தின் கையால் வடிவம் பெற்று, கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்த இடத்தில் போய் உட்காரத் தொடங்கிவிட்டன. அந்தத் தொழில்நுட்பத்தை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அதற்கு இந்தத் தீவுகளில் எந்த இடத்தைக் கொடுக்கலாம், எந்த இடத்தைக் கொடுக்கவே கூடாது என்பதுதான் என் பேச்சின் மையம். உப்பு ஆளும் இடத்தில் இழை, நிலநடுக்கம் ஆளும் இடத்தில் இரும்பு. இந்த ஒரு வரியை விளக்கவே இந்த ஒரு மணி நேரம்.

கட்டடம் அசையவில்லை, கடல் அசைந்தது

2004 டிசம்பர் 26 காலை நடந்ததை இந்த ஊரில் யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் சில கரைகள் மேலே எழுந்தன. அன்றைய போர்ட் பிளேரைச் சுற்றியுள்ள தெற்கு அந்தமான் ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. கிரேட் நிகோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் இறங்கியது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த தாழ்நிலங்களில் ஓதம் ஏறும்போதெல்லாம் உப்புநீர் வந்து நின்றது. தென்னையும் பாக்கும் பட்டுப்போயின. இன்று அங்கே நீர்ப்பறவைகளைப் பார்க்கக் கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள்.

ஒரு கட்டமைப்புப் பொறியாளன் இதை வேறொரு கணக்கிலும் பார்ப்பான். ஐ.எஸ். 456 என்னும் நம்முடைய கான்கிரீட் விதிநூல், கட்டடம் நிற்கும் சூழலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கடற்கரைக் காற்று படும் கான்கிரீட், 'கடுமை' என்ற மூன்றாம் வகை. அதற்குக் குறைந்தபட்சம் எம் 30 தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும். ஓதம் ஏறி இறங்கும் பகுதியில் உள்ள கான்கிரீட், 'அதிதீவிரம்' என்ற ஐந்தாம் வகை. அதற்கு எம் 40 தரமும் 75 மில்லிமீட்டர் கவரும் வேண்டும். மூன்றாம் வகைக்காகக் கட்டிய ஒரு சிறுபாலமோ தூணோ, 2004-இல் ஒரே காலைப்பொழுதில் ஐந்தாம் வகைக்குள் போய்விட்டது. வரைபடத்தில் யாரும் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. கடல்தான் இடம் மாறியது.

இதற்கு முன்பே உப்பு வேறொரு வழியாக உள்ளே போயிருந்தது. இந்தத் தீவுகளில் பெரிய ஆற்று மணல் கிடையாது. பல பத்தாண்டுகளாகக் கடற்கரை மணலை அள்ளித்தான் கட்டடம் எழுப்பினோம். உச்ச நீதிமன்றம் அமைத்த சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002 மே மாதம் அந்த நீதிமன்றம் பிறப்பித்த ஆணைதான் அந்த மணல் எடுப்பைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. அதுவரை எழுந்த கட்டடங்களில் எத்தனை, கலவை போட்ட நாளிலேயே உப்பை வயிற்றில் வாங்கிக்கொண்டவை! கம்பி உள்ள கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. கழுவாத கடல் மணல் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

உப்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நல்ல கான்கிரீட்டின் உள்ளே காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. குளோரைடு போய் அந்தப் படலத்தை ஓரிடத்தில் துளைத்தால் போதும், அங்கே துரு பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே உள்ளிருந்து பிளக்கும். முதலில் சீலிங்கில் கம்பி போகும் திசையிலேயே மயிரிழை போல ஒரு விரிசல். பிறகு அதன் வழியே பழுப்புக் கறை. பிறகு சுத்தியலால் தட்டினால் பொத்துப் பொத்தென்ற ஓசை. ஒரு நாள் தட்டு தட்டாகப் பெயர்ந்து விழும். உள்ளே 12 மில்லிமீட்டர் கம்பி, அடுக்கடுக்காக உரிந்து பாதி கனமாக நிற்கும். பூச்சு வேலை செய்து வெள்ளையடித்தால் இரண்டு மழைக்காலம் தாங்கும். நோய் அப்படியே இருக்கும்.

இழை என்னும் பொருள்

துருப்பிடிக்காத பொருள் ஒன்றை உள்ளே வைத்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இழைக் கம்பி. ஆயிரக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகளை வினைல் எஸ்டர் போன்ற பிசினில் நனைத்து, ஓர் அச்சின் வழியே இழுத்து, சூட்டில் இறுக வைத்தால் கிடைப்பது கண்ணாடி இழைக் கம்பி. இதே முறையில் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையை உருக்கி எடுத்த இழையிலும், கார்பன் இழையிலும் கம்பி செய்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கண்ணாடி இழைக் கம்பிக்கென்றே 2023-இல் ஐ.எஸ். 18256 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆகவே இது ஆய்வகத்துக்குள் மட்டும் இருக்கும் சரக்கு அல்ல.

எடையைப் பாருங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை வரும் என்பது சைட்டில் நிற்கும் எல்லோருக்கும் மனப்பாடம். 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி மீட்டருக்கு 890 கிராம். அதே கனமுள்ள கண்ணாடி இழைக் கம்பி ஏறக்குறைய 225 கிராம்தான். சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் வந்து ஹாடோ துறையில் இறங்கும் தீவுக்கு, நான்கில் ஒரு பங்கு எடை என்பது சின்ன விஷயமா?

இழுவை வலிமையும் குறைவில்லை. நாம் வாங்கும் எஃப்.இ. 500 கம்பி 500 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும். கண்ணாடி இழைக் கம்பி சாதாரணமாக 600 முதல் 1,000 மெகாபாஸ்கல் வரை தாங்கும். இத்தோடு கணக்கை முடித்துக்கொண்டு ஆர்டர் போட்டுவிடுவது ஆபத்து. விறைப்பில் இழை இரும்பிடம் தோற்கிறது: இரும்புக்கு 200 கிகாபாஸ்கல், கண்ணாடி இழைக்கு 45 முதல் 60 வரைதான். அதனால் அதே பாரத்துக்கு உத்தரம் அதிகமாகத் தொய்யும், விரிசல் அகலமாகும். வலிமைக்குத் தேவையான அளவைவிடக் கூடுதலாகவே இழை வைக்க வேண்டிவரும். நெடுநாள் பாரத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தால் கண்ணாடி இழை களைத்து அறுந்துபோகும் என்பதால், நிலையான பாரத்துக்கு அதன் வலிமையில் சிறு பகுதியை மட்டுமே பயன்படுத்த விதிகள் அனுமதிக்கின்றன. தீ பிடித்தால் பிசின் வலுவிழந்துவிடும் என்பதும் உண்டு.

வளைவில்தான் வில்லங்கம்

கம்பி கட்டும் தோழர்களுக்கு இழைக் கம்பியைக் கையில் கொடுத்ததும் முதலில் தெரியவருவது, இது வளையாது என்பதுதான். இறுகிய பிசின் மறுபடி இளகி வளைந்து கொடுக்காது. ரிங் வேண்டுமா, எல் வளைவு வேண்டுமா, கொக்கி வேண்டுமா, எல்லாம் தொழிற்சாலையிலேயே ஈரமாக இருக்கும்போது வளைத்துத்தான் வர வேண்டும். அப்படி வளைத்தாலும் வளைவின் உட்புறத்தில் இழைகள் நெளிந்து கசங்கிவிடும். கம்பி விட்டத்தைப் போல மூன்று மடங்கு ஆரத்தில் வளைத்தால், அந்த இடத்தில் நேர்க்கம்பி வலிமையில் பாதிக்கும் குறைவாகவே கணக்கில் எடுக்கச் சொல்கிறது அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் வழிகாட்டி. சைட்டில் அளவு தப்பினால் சாவியைப் போட்டு நெம்பிச் சரிசெய்யும் பழக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

இந்தச் சிக்கலுக்குள்தான் புதிய உற்பத்தி முறை நுழைகிறது. கம்பியைச் செய்து பிறகு வளைப்பதை விட்டுவிட்டு, வேண்டிய வடிவத்திலேயே இழையைப் போட்டுக்கொண்டு போனால் என்ன? ஒரு சட்டத்தில் முளைகளை அடித்து, பிசினில் நனைந்த இழையை ஒரு ரோபோ கை இழுத்துப் பிடித்தபடி முளைக்கு முளை சுற்றிக்கொண்டு வரும். வாசலில் புள்ளி வைத்து ஒரே கோடாக இழுக்கும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் முளைகள், கோடு இழை. எங்கே இழுவை அதிகமோ அங்கே பத்துச் சுற்று. எங்கே குறைவோ அங்கே இரண்டே சுற்று. வெட்டும் இல்லை, கழிவும் இல்லை, இழை ஓரிடத்திலும் அறுபடுவதில்லை. முளையை ஒட்டிய திருப்பத்தில் வலிமைக் குறைவு அடியோடு மறைந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இழை நெளியாமல், இழுவிசையின் பாதையிலேயே படுகிறது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தார் இப்படிச் சுற்றும் கலையில் முன்னோடிகள். 2019-இல் ஹைல்பிரான் நகரத் தோட்டக் கண்காட்சியில் கண்ணாடி, கார்பன் இழைகளால் மட்டும் சுற்றிய 60 கூறுகளைக் கொண்டு, தூணில்லாமல் 20 மீட்டருக்கு மேல் பரந்த ஒரு கூடத்தையே நிறுத்திக் காட்டினார்கள். அதில் கான்கிரீட் இல்லை. அந்த உத்தியைக் கான்கிரீட்டுக்குள் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருப்பது பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2020-இல் தொடங்கிய, கலவையை இயந்திரத்தால் வரி மேல் வரியாக இட்டுக் கட்டும் 'கட்டுமான அச்சு' பற்றிய ஆய்வுத் திட்டத்தின் ஒரு பகுதி அது. அவர்களுடைய சுற்று இயந்திரம் செய்யும் ஒரு சிறு வேலையைக் கவனியுங்கள். நனைந்த இழைக் கற்றை வெளியே வரும்போதே, அதன் மேல் இன்னொரு மெல்லிய நூலைச் சுருளாகச் சுற்றி விடுகிறது. அந்தச் சுருளின் மேடு பள்ளம்தான் கான்கிரீட்டைப் பற்றிக்கொள்ளும் பிடி. டி.எம்.டி. கம்பியின் முதுகில் இருக்கும் வரிகள் எதற்காக இருக்கின்றனவோ அதற்காகவே இதுவும்.

டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வேறு திசையில் போனது. கார்பன் வலையை வைத்தே ஒரு முழுக் கட்டடத்தை 2022-இல் அந்த வளாகத்தில் எழுப்பினார்கள். துருப் பயம் இல்லாததால் தடித்த கவர் தேவையில்லை; சுவரும் கூரையும் மெலிந்தன, சிமெண்ட் மிச்சமாயிற்று. அதே பல்கலைக்கழகத்தில் இழையைப் பிசினுக்குப் பதிலாக மிக நுண்ணிய சிமெண்ட் குழம்பில் நனைக்கும் முறையையும் வளர்த்திருக்கிறார்கள். வெப்பம் தாங்கும் தன்மை இதில் கூடுதல். ஈரமாக இருக்கும்போதே அச்சிடப்படும் கான்கிரீட்டோடு சேர்த்து இதைப் பதிக்கவும் முடியும்.

நம் நாட்டுக் கதை

கான்கிரீட்டை அச்சிடுவதில் நம் நாடு பின்தங்கி இல்லை. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனம் 2020-இல் மாடியோடு கூடிய கட்டடம் ஒன்றை அச்சிட்டது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில், அங்கே படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் அச்சிட்ட 600 சதுர அடி வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பெங்களூரு கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் 1,021 சதுர அடியில் எல் அண்ட் டி அச்சிட்ட அஞ்சலகம், ஐ.ஐ.டி. மெட்ராஸின் தொழில்நுட்ப வழிகாட்டுதலுடன் உருவாகி, 2023 ஆகஸ்டு 18 அன்று திறக்கப்பட்டது.

ஆனால் அச்சு இயந்திரம் விழிபிதுங்கும் இடம் ஒன்று உண்டு, அது வலுவூட்டல். இயந்திரத்தின் மூக்கிலிருந்து கலவை வரி மேல் வரியாக விழுகிறது. நடுவே கம்பி நிமிர்ந்து நின்றால் மூக்கு அதில் முட்டும். அதனால் உள்ளீடற்ற சுவரை அச்சிட்டுவிட்டு, பொந்துக்குள் கம்பியை இறக்கிக் கலவை ஊற்றுகிறார்கள். இயந்திரம் செய்யும் வேலை ஒரு பங்கு, கை செய்யும் வேலை மறு பங்கு. நெதர்லாந்தின் கெமர்ட்டில் 2017-இல் திறந்த மிதிவண்டிப் பாலத்தில், அச்சிடும்போதே ஒவ்வொரு வரிக்குள்ளும் மெல்லிய எஃகு வடத்தைப் பதித்துக்கொண்டு போனார்கள். அந்த வடத்தின் இடத்தில் இழையை வைத்துப் பாருங்கள். வளைந்து கொடுக்கும், துருப்பிடிக்காது, உருளையில் சுற்றி வரும். அச்சுத் தொழிலுக்கு இழை ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது விளங்கும். இழை வலை பதித்த மெல்லிய கான்கிரீட் பலகைகளில் சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் ஏற்கெனவே பணியாற்றியிருக்கிறது. அறிவு வேண்டி அயல்நாடு போகவேண்டியதில்லை. ஒரு கப்பல் தூரம்தான்.

இரும்பு விட்டுக்கொடுக்காத இடம்

இப்போது எச்சரிக்கைப் பகுதிக்கு வருகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இடம், 2016-ஆம் ஆண்டு ஐ.எஸ். 1893 விதிநூலின்படி ஐந்தாம் நிலநடுக்க மண்டலம். அந்நூலில் அதற்கு மேல் மண்டலம் இல்லை. 2004-க்கு முன்பே 2002 செப்டம்பரில் வடக்கு அந்தமானின் டிக்லிபூர் குலுங்கியது.

நிலநடுக்கத்தில் கட்டடத்தைக் காப்பாற்றுவது கம்பியின் வலிமையைவிட அதன் இழுபடும் குணம். எஃப்.இ. 500டி கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 16 விழுக்காடு நீள வேண்டும் என்பது தரநிலை. தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் அந்த நீட்சிதான் அதிர்வின் ஆற்றலை விழுங்குகிறது. கட்டடம் கோணிப்போகும், ஆனால் ஆட்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். கண்ணாடி இழை நேர்கோடாகப் பாரத்தை ஏற்றிக்கொண்டே போய், 2 விழுக்காடு அளவு நீண்டதும் பட்டென்று அறும். முன்னறிவிப்பு கிடையாது. இதனால்தான் கண்ணாடி இழைக் கம்பிக்கென 2022-இல் வந்த அமெரிக்க விதிநூலும், நிலநடுக்கம் மிகுந்த பகுதிகளில் அதிர்வைத் தாங்கும் சட்டகங்களுக்கு அதை அனுமதிக்கவில்லை. ஆகவே வீட்டின் தூண், உத்தரம், மூட்டு மூன்றையும் இழையில் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அங்கே ஐ.எஸ். 13920 சொல்கிறபடி நெருங்கிய ரிங், 135 பாகை கொக்கி, நல்ல கவர், நல்ல மணல். இதற்கு மாற்று இல்லை.

இழைக்கு உரிய இடம்

பிறகு எங்கே? சாலையோர வடிகால், சிறுபாலத்தின் மேல்தளம், தடுப்புச்சுவரின் முகப்புப் பலகை, படகுத்துறையின் நடைதளம், கடல் அரிப்புத் தடுப்பு, நீர்த்தொட்டியின் மூடி, கடலோரச் சுற்றுச்சுவர். இவை எல்லாம் உப்பில் ஊறுபவை. நிலநடுக்கத்தில் இவை சேதப்பட்டாலும் குடும்பத்தின் தலைமேல் விழாதவை. சிப்பிகாட் வழியாகச் செல்லும் அந்தமான் டிரங்க் ரோட்டில் மட்டும் இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கட்டுமானங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சவூதி அரேபியாவின் ஜிசானில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வெள்ள வடிகாலை முழுக்கவே கண்ணாடி இழைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். உப்பும் வெயிலும் அங்கேயும் உண்டு.

தண்ணீர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. கோடையில் தனிக்காரி அணை வற்றும்போது குடிக்கவே தண்ணீர் அளந்து விடும் ஊர் இது. இரும்புக் கம்பி உள்ள கான்கிரீட்டில் கடல்நீர் கலக்க ஐ.எஸ். 456 இடம் தருவதில்லை. கம்பி துருப்பிடிக்கும் என்பதே முதற்காரணம். இரும்பே இல்லை என்றால் அந்தக் காரணமும் இல்லை. மயாமி பல்கலைக்கழகமும் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இணைந்து கடல்நீரில் கலந்த கான்கிரீட்டையும் துருப்பிடிக்காத வலுவூட்டலையும் சேர்த்துச் சோதித்திருக்கின்றன. கடல்நீரில் கலவை சீக்கிரம் இறுகும், பிற்கால வலிமை சற்றுக் குறையலாம். வடிகால் பலகைக்கு அது பெரிய இழப்பாகாது.

முதலில் ஒரு சோதனைத் தளம்

கண்ணாடிக்கும் ஒரு பகை உண்டு. கான்கிரீட்டின் காரமும் ஈரமும் மெல்ல மெல்லக் கண்ணாடியை அரிக்கக்கூடியவை. பிசின்தான் நடுவில் நிற்கும் காவல். கனடாவில் 5 முதல் 8 ஆண்டு வரை பணியில் இருந்த ஐந்து கட்டமைப்புகளிலிருந்து துண்டெடுத்துப் பார்த்தபோது இழை சேதமின்றி இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது பனி உறையும் நாடு. வேதிவினை வெப்பத்தில் வேகம் பிடிக்கும். இங்கே ஆண்டு முழுவதும் 23 பாகைக்கும் 31 பாகைக்கும் இடையே வெப்பம், 3,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, ஓயாத உப்பு. கனடாவின் சான்றிதழை அப்படியே நம் பாலத்தில் ஒட்ட முடியாது.

ஆகவே இந்த மேடையிலிருந்து ஒரே ஒரு வேண்டுகோள். நிலம் தாழ்ந்ததால் ஓதம் தினமும் இருமுறை ஏறி இறங்கும் சிப்பிகாட்டின் நீர்ப்பரப்பு, இயற்கை நமக்குத் தந்த சோதனைக்கூடம். அதன் ஓரத்தில் ஒரு சட்டம் நாட்டி, இரும்புக் கம்பி, கண்ணாடி இழை, பசால்ட் இழை, இயந்திரம் சுற்றிய கூடு என வகைக்குச் சில பலகைகளைக் கட்டித் தொங்கவிடுவோம். சிலவற்றை நல்ல தண்ணீரிலும் சிலவற்றைக் கடல்நீரிலும் கலப்போம். ஒன்று, மூன்று, ஐந்து, பத்தாம் ஆண்டுகளில் எடுத்து இழுத்துப் பார்த்து, அளவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவோம். பொதுப்பணித் துறையும், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இவ்வூர்க் கிளையும், இங்குள்ள பொறியியல் கல்லூரியும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை. செலவு ஒரு சிறுபாலத்தின் பழுதுபார்ப்புச் செலவைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

அதோடு, கம்பி கட்டும் இளைஞர்கள் சிலரையாவது சுற்று இயந்திரத்தை இயக்கப் பழக்க வேண்டும். இழையை உருளைகளாகவும் பிசினைப் பீப்பாய்களாகவும் இறக்கி, வடிவத்தை இங்கேயே சுற்றினால்தான் கப்பல் கூலி மிச்சமாகும், வேலையும் தீவிலேயே தங்கும். வளைத்த கூடுகளாகவே வெளியூரிலிருந்து வாங்கினால், எடை குறைந்தாலும் காற்றை ஏற்றி வரக் கூலி கொடுத்தவர்களாவோம்.

இந்தச் சோதனைப் பலகைகளில் முதலாவதை வார்க்கும் செலவை இந்த அறக்கட்டளை ஏற்குமானால், பத்தாண்டு கழித்து இதே மேடையில் பேச வருபவர் கனடாவையும் ஜிசானையும் மேற்கோள் காட்ட வேண்டியிருக்காது. சிப்பிகாட்டின் அளவுகளை வைத்துப் பேசுவார்.